பாறைவிளைக் குடை வரிசை

மனிதன் விலங்கிலிருந்து பிரிந்து வந்ததற்கு அத்தாட்சி அவன் நெருப்பைக் கண்டுபிடித்ததோ எழுத்தைக் கண்டுபிடித்ததோ அல்ல. வரிசையில் நிற்கக் கற்றுக்கொண்டதுதான். பாறைவிளை உத்தியோகஸ்தர் சங்கத்தின் முதலாவது ஆண்டறிக்கை இப்படித்தான் தொடங்குகிறது. எழுதியவர் சங்கத்தின் தலைவரும் சர்க்கார் கச்சேரி ஹெட் கிளார்க்குமான பஞ்சாபகேசன். வாசித்து முடித்ததும் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஆனால் பாறைவிளையில் யாரும் எந்தக் காலத்திலும் வரிசையில் நின்றதில்லை. நின்றவை குடைகள்.

திருவனந்தபுரத்திலிருந்து கரமனைப் பாலம் தாண்டி நாகர்கோவில் ரோட்டில் தெற்கே நாலு மைல் போனால் பாறைவிளை. பத்து வருஷத்துக்கு முன்னால் அங்கே முந்திரிக் கொல்லாமரமும் மரச்சீனிக் கிழங்கும் கொஞ்சம் பனையும்தான். கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வீட்டு வாடகை ஏறியதும் பட்டணத்துக் குமாஸ்தாக்கள் இங்கே பத்து சென்ட், பதினைந்து சென்ட் வாங்கி ஓடு போட்ட வீடு கட்டினார்கள். வீட்டுக்கு முன்னால் மதில், மதிலில் கேட், கேட்டில் பெயர்ப்பலகை, பலகையில் பெயரைவிடப் பெரிய எழுத்தில் உத்தியோகம். மரச்சீனி போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிலத்தை விற்று, அதே நிலத்தில் மதில் கட்டக் கல் சுமந்தார்கள்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதிமூன்றில், இங்கிலீஷ் கணக்கில் 1938-ல், சர்க்கார் பஸ் ஓட ஆரம்பித்தது. அதுவரை உத்தியோகஸ்தர்கள் விடியுமுன் குளித்து, பொதிசோறு கட்டிக்கொண்டு, பூதலிங்கத்தின் வில்வண்டியிலோ காலாலோ போய்க்கொண்டிருந்தார்கள். காலை ஒன்பது பத்துக்குப் பாறைவிளைக் கலுங்கில் பஸ் நிற்கும் என்று உத்தரவானதும் சங்கம் பாயசம் வைத்துக் கொண்டாடியது. ஓடைக்கு மேலே கட்டிய, ஆறடி நீளக் கைப்பிடிச் சுவர் உள்ள சின்னப் பாலம்தான் கலுங்கு.

கொண்டாட்டம் ஒரு வாரம்தான் தாங்கியது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகக் கூடாது, சட்டம். தெற்கே இருந்து நிறைந்து வருகிற வண்டியில் நாலு சீட்டோ ஐந்து சீட்டோதான் மிச்சம் இருக்கும். முதல் திங்கட்கிழமை ஒரு கொத்தனாரும், கோழிக்கூடை வைத்திருந்த ஒரு கிழவியும் முன்னால் ஏறிவிட, அக்கவுண்ட்ஸ் சாம்பசிவன் ரோட்டில் நின்றார். மறுநாள் சாம்பசிவன் முண்டியடித்து ஏறியதில் அவருடைய அங்கவஸ்திரத்தில் பாதிதான் ஆபீஸ் போய்ச் சேர்ந்தது. சங்கம் அவசரமாகக் கூடித் தீர்மானம் போட்டது.

தீர்மானத்தின் சாரம் இதுதான்: குடைதான் ஆள். எட்டரை மணிக்குள் குடைகளைக் கலுங்குச் சுவரில் சாய்த்துவிட வேண்டும். வந்த வரிசையில் அல்ல, கிரேடு வரிசையில். குடை இல்லாதவர்கள், அதாவது கொத்தனார், கோழிக்கிழவி வகையறா, குடைகளுக்குப் பிறகு.

இதை நடத்திவைக்க ஆள் வேண்டுமே. அப்போதுதான் தாசையனைக் கூப்பிட்டார்கள்.

தாசையன் கச்சேரியில் பியூன். பதினெட்டு வருஷமாகக் கதவுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து, யார் பெர்மனன்ட், யார் ஆக்டிங், யார் எந்தத் தேதியில் சர்வீஸில் சேர்ந்தார், யாருக்கு எத்தனை லேட் மார்க் என்பதையெல்லாம் வேதவசனம்போல மனப்பாடம் பண்ணி வைத்திருந்தவன். ஆபீஸில் அந்த ஞானத்தை யாரும் கேட்டதில்லை. பாறைவிளையில் கேட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்தபோது அவனுக்கே இன்கிரிமெண்ட் ஆனமாதிரி நடந்தான்.

தினமும் ஏழரைக்கு அவன் புறப்படுவான். முதலில் சாஸ்தா கோயில் முக்கில் பஞ்சாபகேசன் வீட்டு வாசல் திண்ணையான படிப்புரை. அங்கே ஆணியில் வெள்ளிப்பூண் போட்ட குடை தொங்கும். அங்கிருந்து ஒவ்வொரு கேட்டாக எடுத்துக்கொண்டு, ஆறு குடையும் தோளில் விறகுக்கட்டுபோலக் கிடக்க, எட்டேகாலுக்குக் கலுங்குக்கு வருவான். வெள்ளிப்பூண் முதலாவது. சாம்பசிவன் இரண்டாவது. சர்வே ஆபீஸ் சிவதாணு பிள்ளை மூன்றாவது. கச்சேரியில் நகல் எழுதும் காப்பியிஸ்ட் நேசையன் நாலாவது. ஐந்தும் ஆறும் ரிஜிஸ்டர் ஆபீஸ் குமாஸ்தாக்கள் இருவர். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்களாகையால் இன்று ஒன்று முன்னால், நாளை மற்றது. ஏழாவது, மூங்கில் பிடி போட்ட தாசையனின் குடை.

மழை வந்தால்தான் விசேஷம். குடையை எடுத்தால் இடம் போயிற்று. ஆகவே மழையில் பாறைவிளை உத்தியோகஸ்தர்கள் சாயாக்கடை ஓலைச் சார்ப்பில் ஒண்டி நிற்பார்கள். எதிரே கலுங்கில் அவர்களுடைய குடைகள் மடங்கியபடி நனைந்துகொண்டிருக்கும்.

பஞ்சாபகேசன் கலுங்குக்கே வருவதில்லை. அவர் வீடு பட்டணப் பக்கமாக இரண்டு பர்லாங்கு தள்ளி. கலுங்குக்கு வருவதென்றால் ஆபீஸுக்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும். ஹெட் கிளார்க்கு பின்னோக்கி நடக்கலாமா? அவருடைய குடை மட்டும் கலுங்கில் ஏறி, இரண்டாவது வரிசை ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து வரும். கோயில் முக்கில் வண்டி மெதுவாகும். அவர் ஏறி, குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் தாம் உட்காருவார். சீட்டைத் தன் துண்டால் துடைத்துக் குடையை வைப்பது தாசையன்.

அவன் மனைவி எலிசாளுக்கு இதெல்லாம் தீராத சிரிப்பு. அவள் நாலு உத்தியோகஸ்தர் வீடுகளுக்கு நெல் அவித்துக் குத்திக் கொடுப்பவள். எந்த வீட்டில் எத்தனை படி அரிசி, எத்தனை வாய் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே பெயர்ப்பலகைகள் அவளை ஒன்றும் செய்வதில்லை. சாயங்காலம் மரச்சீனியும் சாளைக்குழம்பும் விளம்பிக்கொண்டே, மற்றவர்கள் மீன் விலை கேட்பதுபோலக் கேட்பாள்.

"இண்ணு எப்பிடியாக்கும் வரிசை?"

"சிவதாணு பிள்ளை சாருக்கு இன்கிரிமெண்ட் ஆயாச்சு. எண்ணாலும் மூணாவதுதான்."

"பாவம். குடைக்கு ஒரு கம்பி கூட்டிப் போடச் சொல்லும்."

"சிரிக்காதே பிள்ளே. ஒழுங்கு இல்லேன்னா அடிபிடியாக்கும்."

"நீரு மோட்சத்துக்குப் போனாலும் வாசல்ல நிண்ணு, வாறவனுக்க கிரேடு கேப்பீரு. பாவம் பேதுரு அப்போஸ்தலனுக்குச் சோலி போச்சு."

தாசையனுக்கும் சிரிப்பு வந்துவிடும். சபைக்கூடத்தில் மூப்பர் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று வாசல் பக்கம் பார்த்துக்கொள்வான்.

கல்யாணமாகிப் பதினொரு வருஷத்துக்குப் பிறகு எலிசாள் முழுகாமல் இருந்தாள். ஊரார் விசாரிப்பதை நிறுத்திவிட்ட பிறகு வந்தது அது. ஏழாம் மாசம் வரை உலக்கை பிடித்தாள். "போதும் வை" என்று தாசையன் உலக்கையைப் பிடுங்கித் தானே நாலு குத்துக் குத்தியதில் அரிசி நொய்யாயிற்று. பஞ்சாபகேசன் வீட்டம்மாள் அனந்தலக்ஷ்மி அதைத் திருப்பி அனுப்பினாள்.

அந்த நொய்க்கஞ்சியை ஒரு வாரம் குடித்தார்கள். அப்போது ஒருநாள் எலிசாள் கேட்டாள்.

"எனக்க வயித்துல கெடக்கியவனுக்கு எத்தனாவது குடை?"

தாசையன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கஞ்சியை வைத்துவிட்டு யோசித்தான். "ஆணானா படிச்சு குமாஸ்தா ஆவான். மூணாவதாவது இருக்கும்."

"பெண்ணானா?"

"பெண்ணுக்கு மட்டும் என்ன? டீச்சர் வேலைக்கு இப்பம் பெண்ணுங்க போகுதே. டீச்சருன்னா... நாலாவது. நேசையன் சாருக்கு முந்தி."

"நேசையன் சாரு பாவமாக்கும். சண்டேஸ்கூல்ல சபைப் பிள்ளியளுக்குப் பாட்டு படிச்சுக் குடுக்கியவரு."

"அதுக்கு என்ன செய்ய? கிரேடுன்னா கிரேடுதான்."

மறுநாள் காலையில் நாலாவது இடத்தில் நேசையன் குடையைச் சாய்க்கும்போது அவனுக்குக் குற்றம் செய்ததுபோல இருந்தது. அதை மற்றவற்றைவிடக் கொஞ்சம் நேராக வைத்தான்.

கர்க்கடக மாதம், தமிழுக்கு ஆடி, மூன்றாம் வாரம். விடாமல் மழை. முந்தின நாள் பின்னேரம் எலிசாளுக்கு நோவு கண்டது. மருத்துவச்சி ரத்னாபாய் வந்தாள். இருபத்தைந்து வருஷமாக அந்த வட்டாரத்தில் பாதிப் பேரை வெளியே எடுத்தவள். வெற்றிலை வாயும் உரத்த குரலுமாக எந்த வீட்டிலும் எஜமானிபோல நுழைகிறவள். விடியும்போது அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. தாசையனை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டாள்.

"கேட்டியா தாசையா, இது எனக்க கையில நிக்காது. பிள்ளை குறுக்கக் கெடக்கு. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. இப்பமே."

தாசையன் மழையில் ஓடினான். பூதலிங்கத்தின் வண்டி வாழைக்குலை ஏற்றிக்கொண்டு விடியுமுன்னே சாலைக் கம்போளச் சந்தைக்குப் போயிருந்தது. மற்ற இரண்டு வண்டிக்காரர்களும் பஸ் வந்தபிறகு மாட்டை விற்றுவிட்டார்கள். பாறைவிளை முன்னேறியிருந்தது.

திரும்பி வந்தவனிடம் ரத்னாபாய் சொன்னாள்: "கட்டில்ல கிடத்தி எடுத்துட்டுப் போவம். நாலு ஆளைக் கூப்பிடு. கரமனையில போயி ஒரு வண்டி பிடிக்கலாம்."

தாசையன் கணக்குப் பார்த்தான். மழையில் கட்டில் கரமனை சேரவே பத்து ஆகும். பஸ் ஒன்பது பத்துக்கு வந்தால் ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி வாசல். இது நியாயமான கணக்குத்தான். ஆனால் அதன் அடியில் இன்னொன்றும் இருந்தது. பஸ் ஓடுகிற ரோட்டில், உத்தியோகஸ்த சார்மார் எல்லோரும் பார்க்க, பெண்டாட்டியைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு ஓடுவதா? கச்சேரிப் பியூன் ஆயிற்றே.

"பஸ்ஸில போவம் எக்கா. அதாக்கும் வேகம்."

மணி ஏழரை ஆயிற்று. அவன் சட்டையை மாட்டினான்.

"லேய், எங்க போறா?"

"குடை எடுக்கணும்."

ரத்னாபாய் வாயிலிருந்த வெற்றிலையை முற்றத்தில் துப்பினாள். "இஞ்ச ஒருத்தி உயிருக்குக் கெடந்து அடிக்கா. உனக்குக் குடையா?"

"வண்டி வர இன்னும் ஒண்ணரை மணிக்கூர் உண்டும் எக்கா. இருந்து பாத்தா வண்டி நேரத்தே வந்துருமா? நான் போகலேன்னா அவியளுக்கு எல்லாம் மொடங்கிரும்."

உள்ளேயிருந்து எலிசாள் சொன்னாள்: "போவட்டு அக்கா. இஞ்ச நிண்ணா என் மூஞ்சியப் பாத்துப் பாத்து அவருக்கு வெப்ராளம் கூடும்."

அவன் போனான். படிப்புரையில் வெள்ளிப்பூண் குடை தொங்கியது. உள்ளே எங்கோ மந்திரச் சத்தம் கேட்டது. எடுத்தான். மற்ற ஐந்தையும் எடுத்தான். போகிற வழியில் லீவு லெட்டரையும் மனதுக்குள் எழுதினான். குடைகளைக் கலுங்கில் சாய்த்துவிட்டு வீட்டுக்கு வந்து காகிதத்தில் எழுதினான். பதினெட்டு வருஷமாக அவன் பார்த்த லீவு லெட்டர் எல்லாவற்றிலும் 'லேசான சுகக்கேடு' என்றுதான் இருந்தது. அவனும் 'மனைவிக்கு லேசான சுகக்கேடு' என்று எழுதினான். வேறு மாதிரி எழுதினால் மேலதிகாரிக்கு வருத்தம் கொடுத்ததாகிவிடும்.

எட்டே முக்காலுக்கு எலிசாளைக் கலுங்குக்குக் கொண்டுவந்தார்கள். அரைப் பர்லாங்குதான். மூன்று இடத்தில் அவள் நின்றாள். நின்றபோதெல்லாம் ரத்னாபாயின் தோளைக் கடித்தாள். கலுங்குச் சுவரின் கடைசியில், ஏழாவது இடத்துக்கு அப்பால், அவளை உட்கார வைத்தார்கள். சேலையைத் தலைவழியே போர்த்திக்கொண்டாள். மழை சாய்த்து அடித்தது. அவளுக்குப் பக்கத்தில் ஏழு குடைகள், ஏழும் மடங்கி.

ரத்னாபாய் முதல் குடையில் கை வைத்தாள்.

"அது வேண்டாம்!" தாசையன் பதறிப்போய்த் தன் குடையை எடுத்து விரித்தான். கடைசி இடத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு: குடையை எடுத்தாலும் அந்த இடத்தை யாரும் பிடித்துக்கொள்ள மாட்டார்கள்.

எதிர்ச் சார்ப்பில் சார்மார் நின்றார்கள். பெண்பிள்ளை ஒருத்தி உட்கார்ந்திருக்கிற பக்கம் பார்க்கக் கூடாது என்ற மரியாதையால் எல்லோரும் மழையைப் பார்த்தார்கள். சாம்பசிவன் மட்டும் பரிவாகக் கேட்டார்.

"என்ன தாசையா, ஆம்படையாளா? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒண்ணும் இல்லே சார். ஆஸ்பத்திரியில சும்மா ஒண்ணு காட்டிட்டு வரலாம்னாக்கும்."

"பேஷ். இந்தக் காலத்துல டாக்டரண்ட காட்டிடறதுதான் நல்லது."

சிவதாணு பிள்ளை தன் பங்குக்கு, "மழைக்குச் சுக்குக் காப்பி குடுத்தீரா வேய்? சகலத்துக்கும் கேக்கும்" என்றார்.

எலிசாள் தண்ணீர் கேட்டாள். சூடாக வேண்டும் என்று சொல்லி, ரத்னாபாய் சாயாக்கடையின் பின்பக்கம் போனாள். கடைக்காரன் அப்போதுதான் அடுப்பில் செம்பு வைத்திருந்தான்.

"எனக்க கையப் பிடியும்" என்றாள் எலிசாள்.

தாசையன் சார்ப்புப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு குடையைத் தாழ்த்தி, அதன் மறைவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். உலக்கை பிடித்துக் காய்த்த கை. ஐஸ்போல இருந்தது.

"ரொம்பவா பிள்ளே?"

"சத்தம் போடட்டா?"

"செத்தப் பொறுத்துக்கோ. சார்மாரு நிக்கினும்."

அவள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

வண்டி வந்தது. நேரம் தவறாமல் ஒன்பது பத்துக்கே வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு நாலு விரலைக் காட்டினான். "நாலு! நாலு ஸீட்டே உள்ளூ!"

பதினெட்டு வருஷப் பழக்கம் தாசையனை எழுப்பியது. எலிசாளின் கையில் மூங்கில் பிடியைக் கொடுத்துவிட்டு ஓடினான். முதல் குடையை எடுத்து, உள்ளே போய், இரண்டாவது வரிசை ஜன்னலோர சீட்டைத் துண்டால் துடைத்து, அதில் சாய்த்தான். இறங்கினான். சாம்பசிவன் தன் குடையை எடுத்துக்கொண்டு ஏறினார். சிவதாணு பிள்ளை ஏறினார். நேசையன் படியில் ஒரு காலை வைத்துவிட்டு நின்றான். அவனுக்கு முப்பது வயதுதான். சபையில் எலிசாளுக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவன்.

"அண்ணா, அக்காவுக்கு ரொம்ப முடியலியா? நான் வேணும்னா அடுத்த வண்டிக்கு வாறேன். அக்கா ஏறட்டு."

தாசையன் வாயைத் திறந்தான். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை வயிற்றைப் பற்றியது, பிள்ளையைப் பற்றியது, இரத்தத்தைப் பற்றியது. வண்டிக்குள்ளிருந்து இரண்டு மேல்கிரேடு முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அதோடு இன்னொன்றும் அவன் ஞாபகத்துக்கு வந்தது. நேசையனுக்கு இந்த மாதம் ஏற்கனவே இரண்டு லேட் மார்க். மூன்றாவது விழுந்தால் ஒருநாள் லீவு போகும். கச்சேரியில் இதை இப்படி ஞாபகம் வைத்திருக்கக்கூடிய ஒரே ஆள் தாசையன்தான்.

"வேண்டாம் சாரே. ஒண்ணும் இல்லே. உங்களுக்கு ரெண்டு லேட் மார்க் உண்டும். நீங்க ஏறுங்க."

"உள்ளதாக்குமா?"

"உள்ளது. இந்த லீவு லெட்டரை மட்டும் மேசையில வச்சிருங்க."

நேசையன் லெட்டரை வாங்கிப் பார்த்தான். லேசான சுகக்கேடு. முகம் தெளிந்து ஏறினான். மணி அடித்தது. சாம்பசிவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அடுத்தது பத்தேகாலுக்கு இருக்கு. சௌகரியமா உட்கார்ந்துண்டு வரலாம்" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

ரத்னாபாய் சுடுதண்ணீர்ச் செம்போடு வந்தபோது ரோட்டில் டயர்த் தடத்தில் மழைநீர் நிறைந்துகொண்டிருந்தது. ஐந்தாவது, ஆறாவது குடைக்காரர்கள் சாயாக்கடைக்குள் போய்விட்டார்கள்.

"வண்டி எங்கலே?"

"போச்சு."

"இவ இஞ்ச இருக்கா?"

"நாலு சீட்டுதான் இருந்துது எக்கா."

"நீ சொன்னியா?"

"என்னத்த?"

"பிள்ளை குறுக்கக் கெடக்குன்னு!"

"சார்மாருக்க கிட்ட அதெல்லாம் எப்பிடி எக்கா..."

"சார்மாரு எங்கேருந்து வந்தினும்? ஆகாசத்திலேருந்து பொத்துண்ணு விழுந்தினுமா? ஒவ்வொருத்தனும் ஒருத்திக்க வயித்தக் கிழிச்சுத்தானலே வந்தினும்! நான் ஒரு செம்புத் தண்ணிக்குப் போனதுக்குள்ள..." செம்பைச் சுவரில் வைத்தாள்.

எலிசாள் கண்ணைத் திறந்தாள். மூங்கில் பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அவரைச் சொல்லாதீங்க அக்கா," என்றாள். "அவருக்கு ஏழாவதுதானே."

அவள் குத்திக் காட்டவில்லை. அதுதான் தாசையனுக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் அவன் ஓட ஆரம்பித்தான். கட்டில் தூக்க ஆள் தேடி ஓடினான். மதில் வேலைக்குப் போனவர்கள் போயிருந்தார்கள். சாயாக்கடைக்காரன் வந்தான். ஐந்தாவது குடைக்காரர் மாட்டுவண்டி ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத் தெற்கே ஓடினார். ஆறாவது குடைக்காரர் வந்தார். "இதை முன்னாடியே சொல்லக் கூடாதாவே?" என்று அவர் அழாத குறையாகக் கேட்டார். நாலாவது ஆளைத் தேடுவதற்குள் அடுத்த வண்டியின் சத்தம் கேட்டது. பத்தேகால் வண்டி பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் வந்தது.

அதில் பாதி சீட்டு காலி. தாசையன் எலிசாளைத் தாங்கிக்கொண்டு, பழக்கம்போலக் கடைசிச் சீட்டுக்குத் திரும்பினான். ரத்னாபாய் அவன் சட்டையைப் பிடித்து முன்சீட்டுக்கு இழுத்தாள்.

கரமனைப் பாலத்தில் வண்டி மெதுவாகப் போயிற்று. ஆறு செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டு ஓடியது.

"கரமனை ஆறா?" என்று கேட்டாள் எலிசாள்.

"ஆமா பிள்ளே."

"அப்பம் பட்டணம் வந்தாச்சு."

"இன்னும் செத்த தூரம்தான்."

"குடை எங்க?"

தாசையன் பார்த்தான். குடையைக் கலுங்கிலேயே விட்டு வந்திருந்தார்கள். "உண்டும்," என்றான். "பத்திரமா உண்டும்."

அவள் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு பேசவில்லை. அக்ரஹாரத் தெரு தாண்டும்போது ரத்னாபாய் அவளுடைய முகத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்; பாட்டுப்போல ஏதோ முனங்கினாள். டிரைவர் யாரையும் கேட்காமல் வண்டியைப் பாதை மாற்றி ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தினான். ஒரு நர்ஸ் ஓடிவந்து படியிலேறி, எலிசாளின் கையைப் பிடித்து, வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு தாசையனைப் பார்க்காமல் ரத்னாபாயைப் பார்த்தாள்.

பெண்குழந்தை என்று பிற்பாடு சொன்னார்கள்.

மறுநாள் காலையில், ஆபீஸ் நேரத்துக்கு முன்னால், சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. மழை விடவில்லை. உத்தியோகஸ்தர்கள் வந்திருந்தார்கள். மழையில் அவர்கள் குடைகளை விரித்துப் பிடித்ததைப் பாறைவிளை அன்றுதான் பார்த்தது. யாரும் அடுக்கிவைக்கவில்லை, ஆனாலும் குழிக்கரையில் அவர்கள் நின்றபோது முதலில் ஒரு இடம் விட்டு, பிறகு சாம்பசிவன், சிவதாணு பிள்ளை, நேசையன், ரிஜிஸ்டர் ஆபீஸ்காரர்கள் என்றுதான் நின்றிருந்தார்கள். சங்கத்தின் சார்பில் அனுதாபத் தீர்மானம் ஒன்றைச் சாம்பசிவன் வாசித்தார். 'ஈடு செய்ய முடியாத' என்ற இடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது தீர்மானத்தில் எழுதியிருக்கவில்லை.

தாசையன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு பெட்டிதான்; இரண்டு பேரும் அதிலேயே. நிமிர்ந்தபோது அவன் கண்ணில் பட்டது: ஐந்தும் ஆறும் நேற்றைய வரிசையிலேயே நின்றார்கள். இன்று மாறியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்துவிட்டான். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, குழிக்கரைச் சேற்றில் உட்கார்ந்து, சார்மார் எல்லோரும் பார்க்க, ஊளையிட்டு அழுதான்.

நேசையன் வரிசையை விட்டு வந்து தன் குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தான். "அண்ணா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று தொடங்கினான். அன்று அவனுக்கு மூன்றாவது லேட் மார்க் விழுந்தது.

மூன்றாம் நாள் கண்டக்டர் கலுங்கில் இறங்கி வந்து, வெற்றுச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாசையனிடம் வெள்ளிப்பூண் குடையைக் கொடுத்தான். அன்றைய விவரம் அவனுக்குத் தெரிந்திருந்தது; முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"அன்னைக்குள்ள குடையாணு. கோட்டையில எல்லாரும் எறங்கின பிறகும் இது அவிடத்தன்னே இருந்து."

"ஹெட் கிளார்க்கு சாரு முக்கில கேறலியா?"

"இல்லா. ஆரும் கேறியில்ல."

"பின்னே அந்த சீட்டுல?"

"அவருடெ ஸீட்டில வேறெ ஆளெ இருத்தினா எனக்குப் பணி போவும்."

வண்டி போயிற்று. தாசையன் குடையைத் துண்டால் துடைத்தான். கோயில் முக்குக்கு நடந்தான். படிப்புரையில் ஆணி வெறுமையாக இருந்தது. மாட்டிவிட்டுத் திரும்பும்போது அனந்தலக்ஷ்மி வாசலுக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"எலிசா போயிட்டாளாமே தாசையா. கேட்டதுலேர்ந்து எனக்குச் சாதம் இறங்கலை. அந்த நொய்யைத் திருப்பி அனுப்பிச்சேனே, பாவி." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குடையைப் பார்த்தாள். "இதை எடுத்துண்டு போயிட்டியேன்னு அன்னிக்கே தவிச்சேன். நனைஞ்சிருந்துதுன்னு காயப்போட்டிருந்தேன். நீ எடுக்கறதை ஜன்னல் வழியாப் பார்த்தேன்; மடியா இருந்தேன், வாசலுக்கு வரப்படாது. பிராமணாள் உட்கார்ந்துட்டா, உரக்கக் கூப்பிடவும் முடியலை."

"சாரு?"

"அவர் அன்னிக்கு லீவுன்னா. எங்க மாமனார் திவசம்."

ஒன்பது பத்து வண்டியில் அன்று காலியாக இருந்தவை நாலு சீட்டு. கலுங்கில் ஏறியவர்கள் மூன்று பேர்.